எண்பது வார்த்தை

ஆறாம் நம்பர் மேஜையில் என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி கிடக்கிறது, இன்னும் ஏற்றவில்லை, கை சுடாமல் இருக்க அடியில் காகிதக் கிண்ணம் கோத்திருக்கிறார்கள், தலைக்கு ஒன்று, இருபது மேஜை, மேஜைக்குப் பத்துப் பேர், மேஜை நடுவில் கூடாரம் மாதிரி மடித்து நிறுத்திய ஓர் அட்டை, அட்டையில் தங்க எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரே வரி, 'நான் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படிக்கிறேன்', கீழே கனிஷ்கா, பத்தாம் வகுப்பு. கனிஷ்கா அந்த வரியை எழுதவில்லை. நான் எழுதினேன். போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு, கால்மணி நேரத்தில். பக்கத்து நாற்காலி அம்மாள், நூல் மில் குடும்பம், கழுத்தில் பச்சைக்கல், அட்டையை எடுத்துக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "படிக்கறப்பவே மனசுக்கு என்னமோ பண்ணுதுங்க, இல்லீங்களா?" என்கிறாள். "ஆமாங்க" என்கிறேன். ஆமாங்க. எவ்வளவு சுளுவாக வருகிறது வாயில். இந்த அம்மாளின் மேல் எனக்கு வருகிற கோபம் நியாயமே இல்லாதது, அவள் அட்டையைப் படித்தாள், மனசு என்னமோ பண்ணியது, அட்டை அச்சடித்ததே அதற்குத்தான், அவள் ஒழுங்காகத்தான் நடந்துகொள்கிறாள், இருந்தாலும் அந்தப் பச்சைக்கல்லைப் பிடித்து இழுத்து, அம்மா, அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு என்ன வேலை தெரியுமா உங்களுக்கு என்று கேட்கவேண்டும் போல இருக்கிறது. வயர்மேன். மின்வாரியத்தில் ஒப்பந்த வயர்மேன். இதோ இந்த அவிநாசி ரோட்டுக்கும் சேர்த்துத்தான் கம்பம் ஏறுகிறார்.

எண்பது வார்த்தை, அதுதான் கணக்கு. அறக்கட்டளை படிக்கவைக்கிற பிள்ளைகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோடு போட்ட தாளில் தமிழில் கடிதம் எழுதுவார்கள், அறக்கட்டளை ஆபீசில் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்புவார்கள், நான் ஆங்கிலத்தில் எண்பது வார்த்தைக்குள் ஆக்கித் திருப்பி அனுப்பவேண்டும், அது அட்டையாகிப் புரவலர்களுக்குப் போகும். பத்தொன்பது வருஷம் ஷெஃபீல்டில் இருந்துவிட்டுக் கோயமுத்தூர் திரும்பி, வேலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாமல், அப்பாவும் இல்லாத வீட்டில் சுவருக்கு வெள்ளையடித்து முடித்தபின் மிருணாளினி கூப்பிட்டாள், பள்ளிக்கூடத்தில் என் செட், இப்போது இந்த அறக்கட்டளையின் தலைவி, "வாணி, உனக்கு ரெண்டு பாஷையும் தண்ணி பட்ட பாடு, சும்மாதானே இருக்கே" என்றாள். சும்மாதான் இருந்தேன். கனிஷ்காவின் கடிதம் ஒன்றரைப் பக்கம். எனக்கு இப்போதும் வரிவரியாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அரைமணிக்கு முன்னால் காரிடாரில் நின்று போனில் அதைத் தேடியெடுத்து மறுபடி படித்தேன். மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு. ஐப்பசியில் அடித்த காற்று மழையில் எங்கள் ஏரியாவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. எங்கள் அப்பா வயர்மேன். மூன்று நாளும் வீட்டுக்கு வரவில்லை. எங்கள் தெருக்காரர்கள் எல்லாரும் வந்து அம்மாவிடம் சண்டை போட்டார்கள், உன் புருஷன் இருந்தும் நமக்கு லைட் இல்லையே என்று. அப்பா போனில் சொன்னார், முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் தண்ணீர் மோட்டார், அப்புறம் மற்ற தெரு, வயர்மேன் வீடு இருக்கிற தெரு கடைசியாகத்தான் என்று. அந்த மூன்று நாளும் நான் மெழுகுவர்த்தியில் சயின்ஸ் படித்தேன். நான்காம் நாள் அப்பா எங்கள் கம்பத்தில் ஏறினார், சண்டை போட்டவர்களே கை தட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவையும் எண்பதில் எப்படி அடக்குவது. கம்பம் என்று சொன்னால் யாருக்குப் புரியும், ஒப்பந்த வயர்மேன் என்பதை விளக்கவே இருபது வார்த்தை போய்விடும், மிருணாளினி எப்போதும் சொல்வாள், ஒரு அட்டைக்கு ஒரு காட்சி போதும் வாணி, ரெண்டு வெச்சா கலங்கிடும் என்று. நான் ஒரு காட்சியை எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியை வெட்டினேன், மோட்டாரை வெட்டினேன், சண்டையை, கம்பத்தை, கைதட்டை, அப்பாவை, எல்லாவற்றையும் வெட்டினேன். மூன்று நாள் என்பதையும் வெட்டினேன். அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை, மூன்று நாள் என்பதற்கு இரண்டே வார்த்தைதான் ஆகும், இடம் இருந்தது, எழுபத்தாறோடு முடித்திருந்தேன், நாலு வார்த்தை மிச்சம் இருந்தது, வைத்தால் அந்த வரி கொஞ்சம் சாதாரணமாகிவிடும் என்று தெரிந்துதான் வைக்கவில்லை. தெரியாமல் செய்தேன் என்று யாரிடமாவது சொல்லலாம். என்னிடம் சொல்ல முடியாது.

நான் வெட்டியதோடு நின்றிருந்தால்கூட அது ஓர் அட்டை, ஏதோ ஒரு மேஜை டிராயரில் போயிருக்கும். மிருணாளினிக்கு அந்த வரி பிடித்துப் போனது, இந்த வருஷ விருந்துக்கே மெழுகுவர்த்தி மாலை என்று பெயர் வைத்தாள், விழா நடத்துகிற கம்பெனிக்கு அட்டையைக் கொடுத்தாள், அவர்கள் அதைப் பிடித்து மறுபடி தமிழில் ஒரு பேச்சு எழுதினார்கள், கனிஷ்கா மேடையில் பேச. தமிழிலிருந்து ஆங்கிலம் போய் அங்கிருந்து மறுபடி தமிழுக்கு வந்திருக்கிறது அந்தப் பெண்ணின் வீடு. வரும் வழியில் ஓடெல்லாம் உதிர்ந்துவிட்டது. அரைமணிக்கு முன் மேடைக்குப் பின்னால் உடைமாற்றும் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள், ஸ்கூல் யூனிபார்ம், இழுத்துக் கட்டிய ரெட்டைப் பின்னல், சாயங்காலம் ஏழு மணிக்கு எந்தப் பிள்ளை யூனிபார்ம் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போகும், கையில் தாள். அவளை நான் அதற்குமுன் நேரில் பார்த்ததே இல்லை. நான்தான் கடிதம் மொழிபெயர்க்கிற மேடம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேராக வந்தாள்.

"மேடம், இது யாருங் எழுதுனது?"

"ஏன் கண்ணு?"

"இல்லீங், எங்கள் குடிசையில் மின்சாரம் இல்லைன்னு போட்டுருக்குதுங். எங்கூடு குடிசை இல்லீங். ஓட்டு வீடு. கரண்ட்டும் இருக்குதுங். ஃபேன் ரெண்டு இருக்குதுங்."

விழாக் கம்பெனிப் பெண் ஒருத்தி, காதில் ஒயர், கையில் பேட், நடுவில் புகுந்தாள். "அது ஒரு ஃபீலுக்காகம்மா கனிஷ்கா. யாரும் உங்க வீட்டுக்கு வந்து செக் பண்ணப் போறதில்ல."

"அதுக்கில்லீங்க்கா" என்றாள், குரல் உயரவே இல்லை, "அப்பா வந்திருக்காருங்."

அவ்வளவுதான் சொன்னாள். அப்பா வந்திருக்கிறார். நான் தாளை வாங்கிப் பார்த்தேன், குடிசை, இருள், ஒற்றை மெழுகுவர்த்தி, உங்கள் கருணை என்னும் ஒளி, நான் படிப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதாவது சொல்வேன் என்று. "நான் பேசிப் பாக்கறேன் கண்ணு" என்றேன். சர்க்கார் ஆபீசில் சொல்வார்களே அந்த மாதிரி. சொல்லிவிட்டு வந்து ஆறாம் நம்பரில் உட்கார்ந்துவிட்டேன்.

இல்லை, பேசினேன், பேசவில்லை என்று சொல்லக்கூடாது. மிருணாளினி வாசலில் யாரையோ வரவேற்றுக்கொண்டிருந்தாள், பட்டுப்புடவை, புன்னகை, அந்தப் புன்னகையை அப்படியே வைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தாள். "வாணி, ப்ளீஸ், இப்போ எதையும் மாத்த முடியாதுடி. அந்த லைனுக்குத்தான் லைட் க்யூவே. 'மின்சாரம் இல்லை'ன்னு அவ சொன்ன செகண்ட் ஹால் லைட் மொத்தமும் ஆஃப். அப்புறம் நீ இங்கிலீஷ்ல படிக்கறே. நீ படிச்சு முடிக்க முடிக்க எல்லாரும் கேண்டில் ஏத்தறாங்க. நாலு தடவை ரிகர்சல் பாத்தாச்சு." நான், அவளுடைய அப்பா வயர்மேன் மிருணா, உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார் என்றேன். "தெரியும்டி. அவர்கிட்ட பேசியாச்சு, அவருக்கு ஒண்ணும் இல்ல, சரிங்கம்மான்னுட்டார்." சரிங்கம்மா. யார் கேட்டாலும் அவர் சரிங்கம்மா என்றுதான் சொல்வார், ப்ளஸ் ஒன் ஹாஸ்டல் ஸ்கூலில் மகளுக்கு இடம் இவள் கையெழுத்தில் இருக்கிறது, சரிங்கம்மாவைத் தவிர அவரிடம் வேறு எந்த வார்த்தையை விட்டுவைத்திருக்கிறோம். "இது அவளுக்குத்தான் நல்லது" என்றாள் மிருணாளினி, என் கையை அழுத்தினாள், அடுத்த காருக்குப் போனாள். கெட்டவள் இல்லை, அதுதான் எரிச்சல். அறுபத்திரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள் இவளால். பொய்யான பிள்ளைகள் இல்லை, பொய்யான படிப்பு இல்லை. ஒரு கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எத்தனை சௌகரியம், எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு போயிருப்பேன்.

குத்துவிளக்கு ஏற்றியாகிவிட்டது. இந்த நெருப்புக்கு மட்டும் ஹால் விளக்கை அணைக்கவில்லை. இப்போது யாரோ ஒருவர் கல்வியைப் பற்றிப் பேசுகிறார், கல்வி என்பதைக் கல்வீ என்று இழுக்கிறார், தட்டில் பனீர் ஏதோ குச்சியில் செருகி வந்திருக்கிறது, பிள்ளைகளின் குடும்பங்களுக்கு ஹால் கடைசியில், சமையலறைக் கதவை ஒட்டி இரண்டு வரிசை நாற்காலி, அவர்களுக்கு மேஜை இல்லை, மெழுகுவர்த்தியும் இல்லை, ஏற்றவேண்டியவர்கள் நாங்கள், ஏற்றப்படவேண்டியவர்கள் அவர்கள் போல. கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். கனிஷ்காவின் அப்பா கிட்டுசாமி எவர் என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் தெரிகிறது, இரண்டாம் வரிசை ஓரம், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, முழங்கைவரை வெயிலில் கறுத்த கை, பேச்சாளர் சொல்வதற்கெல்லாம் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டு. ஒரு மனிதர் தன்னைப் பற்றிப் பொய் சொல்லப்படுவதைக் கேட்கக் குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, லீவு சொல்லி, பஸ் ஏறி வந்திருக்கிறார். என்னால் இவரைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியவில்லை, அதற்கு இவர் காரணமில்லை. எனக்குத் தெரியும் யார் காரணமென்று. திரும்பிக்கொள்கிறேன். தண்ணீர் குடிக்கிறேன். பச்சைக்கல் அம்மாள் என்னவோ கேட்கிறாள், நீங்க ஃபாரின்ல இருந்தீங்களாமே என்று, ஆமாங்க, இங்கிலாந்துங்க, குளிருங்களா, குளிருங்க.

குளிர்தான். ஷெஃபீல்டில் ஒரு மார்ச் மாதம், என் அப்பா என்னைப் பார்க்க வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது, ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டர், என் ஆபீஸ் ஆட்கள் நாலு பேர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள், நான் அவர்களுக்கு எப்போதும் சொல்கிற கதையைச் சொன்னேன். எல்லாரும் ஒரு கதை வைத்திருப்பார்கள் அங்கே, அயர்லாந்துக்காரன் உருளைக்கிழங்குப் பஞ்சக் கதை வைத்திருந்தான், என்னுடையது பள்ளிக்கூடத்துக்கு நடந்து போன கதை. நாலு மைல், வெறுங்காலோடு, கொதிக்கிற தார் ரோடு. நல்லாச் சொல்வேன். எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரியும், பெண்கள் கையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள், அந்த நொடி எனக்குப் பிடிக்கும், அத்தனை தூரத்திலிருந்து வந்தவள் என்கிற அந்தப் பார்வை, வேலையில் ஒரு படி ஏறினதுக்குக்கூட அந்தக் கதைக்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். அன்றைக்கும் சொன்னேன். அப்பா மேஜைக் கோடியில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். தபாலாபீஸ் கிளார்க், முப்பத்தாறு வருஷம், இங்கிலீஷ் பேசக் கூச்சப்படுவாரே தவிர ஒரு வார்த்தை தவறாமல் புரியும், எனக்கு அது தெரியாதா, தெரியும், அந்த நிமிஷத்தில் அவர் அங்கே இருப்பதே மறந்துவிட்டது என்று ரொம்ப நாள் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அதுவும் இல்லை. அவர் இருக்கிறார் என்று தெரியும், எதுவும் சொல்லமாட்டார் என்பதும் தெரியும். மறுநாள் காலையில் தான் குடித்த டம்ளரைத் தானே கழுவிக்கொண்டு, தண்ணீரை மூடிவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார். "ஏனம்மிணி, நான் உன்னய வண்டில கொண்டாந்து உட்டதே இல்லீயா?" தினமும் விட்டார். டி.வி.எஸ். பிஃப்டி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை, மழை பெய்தால் எனக்கு மட்டும் பாலிதீன் கோட்டு, தான் நனைந்து ஆபீஸ் போவார். "அப்பா, அது சும்மாப்பா, அவங்களுக்கு அந்த மாதிரிச் சொன்னாத்தான் பிடிக்கும்" என்றேன். "செரி செரி" என்றார். சிரிக்கவும் செய்தார். "செருப்புக்கூட வாங்கிக் குடுக்காதவனாட்ட ஆக்கிப்போட்டயே என்னய." டம்ளரைக் கவிழ்த்துவைத்தார். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை, ஊருக்குத் திரும்பினார், மூன்று வருஷம் இருந்தார், போனில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இப்போது நான் யார் மேல் கோபப்படுகிறேன். இந்த மேஜையிலுள்ளவர்கள் மேலா. ஒரே பொய்யை ஒரே கை இரண்டு தரம் எழுதியிருக்கிறது, முதல் தரம் என் அப்பாவை வைத்து, இரண்டாம் தரம் இன்னொருத்தியின் அப்பாவை வைத்து, இரண்டு தரமும் அதைக் கேட்க அவர் அதே அறையில் உட்கார்ந்திருக்க.

பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். திருமதி கோகிலவாணி, இங்கிலாந்திலிருந்து தாய்மண் திரும்பியவர். எழுந்திருக்கிறேன், புடவைக் கொசுவம் நாற்காலியில் மாட்டுகிறது, எடுத்துவிட்டுக்கொண்டு நடக்கிறேன், படி மூன்று, மேடை வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, கனிஷ்கா ஏற்கனவே மைக் முன்னால் நிற்கிறாள், தாள் இல்லை, மனப்பாடம். நான் பக்கத்தில் போய் நிற்கிறேன், கையில் ஆங்கில அட்டை. என்னைப் பார்க்கிறாள். ஒரு கேள்வியும் இல்லை அந்தப் பார்வையில், கேட்டதை அரைமணிக்கு முன்பே கேட்டாயிற்று, நான் பேசிப் பாக்கறேன் கண்ணு என்று சொல்லியும் ஆயிற்று, பதில் இந்த மைக்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் மாற்றிச் சொல்லிவிடுவாள் என்று எனக்குள் ஓர் ஓரத்தில் ஆசை இருக்கிறது, சின்னப் பெண், துணிச்சலாக ஏதாவது செய்துவிட்டால் நான் தப்பித்துக்கொள்வேன், எத்தனை கேவலமான ஆசை, பதினைந்து வயசுப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நாற்பத்தெட்டு வயசு ஒளிந்துகொள்ளப் பார்க்கிறது. அவள் ஒன்றையும் மாற்றவில்லை. நல்ல மாணவி. அனைவருக்கும் என் பணிவான வணக்கம். கணீரென்ற குரல், ஏற்ற இறக்கமெல்லாம் பழக்கியபடி. என் பெயர் கனிஷ்கா. நான் ஒரு ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்தவள். எங்கள் குடிசையில், அங்கே ஒரு மூச்சு, பிசகவே இல்லை, மின்சாரம் இல்லை. பட்டென்று எல்லா விளக்கும் அணைகிறது. கூட்டத்தில் ஓ என்று ஒரு சத்தம், குழந்தைகள் வாணவேடிக்கைக்குப் போடுகிற சத்தம். அவள் இருட்டில் மீதியைச் சொல்கிறாள், மெழுகுவர்த்தி, கருணை, ஒளி, நன்றி. அவள் தோள் என் கைக்கு இரண்டு விரல்கடை தூரத்தில் இருக்கிறது, அசையாமல், கல் மாதிரி. முதல் மேஜையில் தீக்குச்சி உரசுகிறார்கள். என் முறை.

அட்டையைப் படிக்க ஒரு சின்ன டார்ச் தந்திருக்கிறார்கள். அதை அமுக்கவில்லை. ஆங்கிலத்தில்தான் ஆரம்பிக்கிறேன், வேறு எதற்கு இந்தப் பாஷையைப் படித்தேன். இவள் இப்போது சொன்னது இவள் எழுதியது அல்ல என்கிறேன். தப்பாக எழுதியது நான் என்கிறேன். இவர்கள் வீட்டில் கரண்ட் இருக்கிறது, மூன்றே நாள் இல்லாமல் போனது, அந்த மூன்று நாள் இவளுடைய அப்பா இந்த ஊருக்கு லைட் போட்டுக்கொண்டிருந்தார், ஆஸ்பத்திரிக்கு, தண்ணீர் மோட்டாருக்கு, ஒருவேளை உங்கள் வீட்டுக்கும், தன் தெருவுக்குக் கடைசியாக வந்தார். இவள் எழுதிய கடிதம் அதுதான். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்த அதே குரல், இருட்டில் யாரோ ஒரு பெண் கையால் வாயைப் பொத்திக்கொள்வதுகூட எனக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறது. முடிக்கிறேன். திட்டுவார்கள், எழுந்து போவார்கள், மிருணாளினி மைக்கைப் பிடுங்குவாள், வாருங்கள், அதற்குத்தான் காத்திருக்கிறேன். கை தட்டுகிறார்கள். முதலில் ஒரு மேஜை, பிறகு எல்லா மேஜையும், எழுந்து நின்று. மெழுகுவர்த்தியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு தொடையில் தட்டுகிறார்கள். மிருணாளினி இருட்டில் மேடைக்கு ஏறி வருகிறாள், என்னை அணைத்துக்கொள்கிறாள், கன்னம் ஈரமாக இருக்கிறது, "இதையெல்லாம் எழுதிவெச்சுப் பண்ண முடியாதுடி" என்று காதில் சொல்கிறாள், மைக்கைப் பிடித்து, அந்த ஹீரோ இங்கேதான் இருக்கிறார், ஐயா மேடைக்கு வாங்க, ப்ளீஸ், எல்லாரும் பலமா ஒரு கைதட்டு என்கிறாள். எதைச் சொன்னாலும் தின்றுவிடுகிறார்கள். உண்மையை எடுத்துப் போட்டால் அதையும் தட்டில் வாங்கிக்கொள்கிறார்கள். நான் அந்த மனிதரைப் பொய்யிலிருந்து இறக்கிவிட்டதாக நினைத்தேன், வெளிச்சத்தில் ஏற்றிவிட்டிருக்கிறேன், ஒற்றை ஃபோகஸ் லைட் சமையலறைக் கதவுப் பக்கம் ஓடித் தேடிக் கண்டுபிடிக்கிறது, அவர் எழுந்து நிற்கிறார், கை கூப்புகிறார், பக்கத்து நாற்காலிக்காரர் முதுகைத் தள்ளுகிறார், நடந்து வருகிறார். படியேறி வந்ததும் தோளில் ஒரு சால்வை விழுகிறது. மிருணாளினி மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டுகிறாள். "சொல்லுங்க கிட்டுசாமி, இந்த மொமென்ட்ல உங்களுக்கு என்ன தோணுது?"

அவர் கூட்டத்தைப் பார்க்கிறார். இருநூறு சுடர். நான் தலை குனிந்துகொள்கிறேன், சரிங்கம்மா வரப்போகிறது, நன்றிங்க வரப்போகிறது.

"மொதல்ல லைட்டப் போடச் சொல்லுங்கம்மா" என்கிறார். மைக்கில் அவர் குரல் கரகரவென்று பெரிதாக வருகிறது. "இத்தன பேரு நெருப்பக் கைல புடிச்சுட்டு, பட்டுச் சீலையுமா காயிதமுமா நெருக்கி உக்காந்திருக்கீங்க. இருட்டுல ஒண்ணு சாஞ்சுதுன்னா கதவு எந்தப்பக்கம்னே தெரியாது. அணச்சுப்போடுங்க சாமி. எல்லாரும் அணச்சுப்போடுங்க."

யாரோ சிரிக்கிறார்கள், நகைச்சுவை என்று நினைத்து. அவர் சிரிக்கவில்லை. "வெளையாட்டில்லீங்" என்கிறார். "நான் பாத்திருக்கறனுங்." காதில் ஒயர் மாட்டிய பெண் மேடை ஓரத்தில் தலையைத் தூக்கி மிருணாளினியைப் பார்க்கிறாள், மிருணாளினி என்னைப் பார்க்கிறாள், நான் என்ன செய்ய, ஹால் விளக்கு மொத்தமும் வந்துவிடுகிறது. வெளிச்சத்தில் இருநூறு பேர் மெழுகுவர்த்தியை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், சிலர் ஊதுகிறார்கள், பச்சைக்கல் அம்மாள் தண்ணீர் டம்ளரில் முக்குகிறாள், ஹால் முழுக்கத் திரி கருகிய வாசனை. இந்த ஒரு சாயங்காலத்தில் முதல்முறையாக இவர்கள் ஒரு மனிதர் சொன்னதைக் கேட்டு அப்படியே செய்தார்கள். அவர் சால்வையை எடுத்து நாலாக மடித்து மைக் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த ஸ்டூலில் வைக்கிறார், மகளின் பின்னலை முதுகுப்பக்கம் எடுத்துவிடுகிறார், இரண்டு பேரும் படி இறங்குகிறார்கள். மிருணாளினி மைக்கில் சேஃப்டி ஃபர்ஸ்ட் என்று என்னவோ சொல்லிச் சிரித்து, சாப்பாடு தயார் என்கிறாள். எழுந்து பஃபே பக்கம் நகர்கிறார்கள், போகிற போக்கில் இரண்டு மூன்று பேர் கிட்டுசாமியின் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள், ஹாஸ்டல் செலவு என் பொறுப்பு என்று ஒருவர் சத்தமாக மிருணாளினியிடம் சொல்கிறார், ஆக அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது, நான் கெடுத்துவிடவில்லை, கெடுத்துவிடவில்லை என்பதில் ஒரு நிம்மதி வருகிறது, அந்த நிம்மதியைப் பார்த்தாலும் எரிகிறது.

வெளியே போகும் வழியில் அவர்களைப் பிடிக்கிறேன், கையில் சாப்பாட்டு டோக்கனோடு நிற்கிறார்கள். என்ன சொல்லவேண்டும் என்று யோசித்துக்கொண்டு வரவில்லை. மன்னிச்சுக்கோங்க என்கிறேன், நான்தான் அந்த வரியை எழுதினது, உங்க கடிதத்தை வெட்டினதும் நான்தான். கிட்டுசாமி உடனே கையைக் கூப்புகிறார், "அட, எதுக்குங் மேடம் அதெல்லாம். ஏதோ நல்லதுக்குத்தான் பண்ணீருப்பீங்க. பரவால்லீங்." எவ்வளவு சீக்கிரம் கொடுத்துவிடுகிறார், கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க எப்போதும் சட்டைப்பையில் தயாராக வைத்திருக்கிற மாதிரி, எத்தனை பேருக்கு எத்தனை தரம் கொடுத்திருப்பாரோ. எனக்கு அது வேண்டும், நான் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டிவிட்டேன், அப்படித்தான் நிற்கிறேன். கனிஷ்கா அப்பாவைப் பார்க்கிறாள், பிறகு என்னை. அந்தப் பேச்சு முழுக்க அசையாத முகம் இப்போது கோபத்தில் சிவந்திருக்கிறது, காது நுனிவரை, அப்போதுதான் அவள் பதினைந்து வயசுக்காரி என்று தெரிகிறது.

"மேடம்."

"சொல்லு கண்ணு."

"அடுத்த லெட்டர் நானே இங்கிலீஷ்ல எழுதிக்கறனுங்."

"நான் வேணும்னா பாத்து..."

"வேண்டாங்" என்கிறாள். "தப்பா இருந்தா தப்பாவே போகட்டுங்."

அவர் "ஏ புள்ள" என்று அதட்டுகிறார், அவள் அதற்குள் டோக்கனை நீட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றுவிட்டாள்.